இங்கிலாந்து மாளிகை பார்க்கப் போகிறீர்களா? முதலில் தக்கலைக்குப் போய்விட்டு வாருங்கள்

நம்ம குமரி மாவட்டத்திலிருந்து இங்கிலாந்துக்குப் போய்வரும் அப்பா அம்மாக்கள் இப்போது தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். மகளோ மருமகளோ அங்கே ஆஸ்பத்திரியில் நர்சாக இருப்பாள், பேரப்பிள்ளை பிறந்திருக்கும், ஆறு மாத விசாவில் போய் இருப்போம், பிள்ளைகளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்ததும் "வாங்கப்பா, பக்கத்துல ஒரு பழைய மாளிகை இருக்கு" என்று காரில் ஏற்றிவிடுவார்கள். ஊருக்கு வெளியே பெரிய தோட்டம், அதற்கு நடுவில் ஒரு பிரபு குடும்பம் முந்நூறு நானூறு வருஷம் இருந்த வீடு. கன்ட்ரி ஹவுஸ் என்பார்கள். அதை எப்படிப் பார்ப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் முதல் தடவை பார்த்தது ஒரு சுற்றுலா வேனில் போய். ஒரே நாளில் மூன்று இடம், மாளிகைக்கு நாற்பது நிமிஷம். தங்கச் சட்டம் போட்ட படங்கள், நாற்காலி, பீங்கான், கட்டில், மறுபடியும் படங்கள் என்று ஓட்டமாக ஓட்டி, கடைசியில் சாமான் விற்கும் கடைக்குள் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். ராத்திரி மகள் "எப்படிப்பா இருந்துச்சு" என்று கேட்டாள், "பெருசா இருந்துச்சு மக்ளே" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. அது எனக்கு ரொம்ப நாள் உறுத்தியது. பள்ளிக்கூடத்தில் இருந்த காலம் முழுக்க வருஷா வருஷம் பிள்ளைகளை, தக்கலைப் பக்கம் திருவிதாங்கூர் ராஜாக்கள் இருந்த பத்மநாபபுரம் அரண்மனைக்குக் கூட்டிக்கொண்டு போனவன் நான், அங்கே தூணைத் தொட்டுத் தொட்டுச் சொல்லிக்கொடுப்பேன், இங்கே ஒரு வீட்டுக்குள் போய்விட்டு வீட்டையே பார்க்காமல் வந்திருக்கிறேன். அடுத்த முறை போனபோது வேறு மாதிரி பார்த்தேன். அந்த முறைதான் இது.

இங்கிலாந்து மாளிகைக்கான பயிற்சியைத் தக்கலையிலேயே தொடங்குங்கள். பத்மநாபபுரம் அரண்மனை நமக்குப் பக்கத்தில் இருப்பதால் அதை நாம் சரியாகப் பார்த்ததே இல்லை. 1956-ல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் கேரள அரசின் தொல்லியல் துறைதான் அதைப் பார்த்துக்கொள்கிறது, திங்கட்கிழமை விடுமுறை, மற்ற நாளில் காலையிலேயே போய்விடுங்கள். உள்ளே போகும்போது மூன்று விஷயத்தை மட்டும் கவனியுங்கள்: வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, மழைத் தண்ணீர் எங்கே போகிறது, யார் எதுவரை உள்ளே போகலாம். பூமுகத்தில், அதாவது முகப்புத் திண்ணையில், யாரும் வந்து நிற்கலாம். அங்கிருந்து மேலே ராஜா ஆலோசனை நடத்துகிற மந்திரசாலைக்கு ஏறும் படி குறுகலாக, செங்குத்தாக, ஒரு சமயத்தில் ஒரு ஆள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு ஏறுகிற மாதிரி இருக்கும். அந்தப் படியே ஒரு காவல்காரன். நாலு தட்டு உயரமுள்ள உப்பரிகை மாளிகையில் கீழ்த்தட்டு கருவூலம், அதற்கு மேலே ராஜா படுக்கும் அறை, உச்சியில் பத்மநாப சுவாமிக்கான அறை. ஆக, மேலே போகப் போக மரியாதை கூடுகிறது. ஜன்னல் எல்லாம் மரச்சட்டம் அடித்த அழி ஜன்னல். உள்ளே இருப்பவர் தெருவைப் பார்க்கலாம், தெருவில் இருப்பவருக்கு உள்ளே ஒன்றும் தெரியாது. ராஜா தேரோட்டம் பார்க்கிற அம்பாரி முகப்பும் அப்படித்தான். வெளியே வந்து தலையை நிமிர்த்தினால் ஓட்டுக்கூரை சுவரைத் தாண்டி நீளமாக இறங்கி நிற்கும், சுவரில் சாரல் படாது, வெயிலும் படாது.

இதை நன்றாக மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். நம்ம வீடு வெயிலுக்கும் மழைக்கும் பயந்து கட்டினது, அதனால் நிழல் தேடுகிறது. அவர்கள் வீடு இருட்டுக்கும் குளிருக்கும் பயந்து கட்டினது, அதனால் வெளிச்சத்தையும் நெருப்பையும் தேடுகிறது. டிசம்பரில் அங்கே சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிடும். ஒரு குளிர்காலம் அங்கே இருந்து பார்த்தவர்களுக்கு, அந்த மாளிகைகளில் ஏன் அத்தனை பெரிய ஜன்னல், ஏன் அத்தனை புகைபோக்கி என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

சரி, இப்போது அங்கே போவோம். எந்த மாளிகைக்கு வேண்டுமானாலும் இந்த முறை ஒத்துவரும், ஆனால் நான் ஒன்றைப் பிடித்துக்கொண்டு சொல்கிறேன். டெர்பிஷயரில் ஹார்ட்விக் ஹால். நாட்டிங்காம், டெர்பி, ஷெஃபீல்ட் பக்கம் பிள்ளைகள் இருந்தால் எளிதாகப் போய்விடலாம். ஷ்ரூஸ்பரி பிரபுவின் மனைவி எலிசபெத், பெஸ் என்று எல்லோரும் சொல்வது, நாலு கல்யாணம் பண்ணி நாலு கணவரையும் இழந்து, இங்கிலாந்திலேயே பெரிய பணக்காரிகளில் ஒருத்தியாக ஆனவள், அறுபது வயது தாண்டிய பிறகு 1590-ல் தொடங்கிக் கட்டிய வீடு. 1597-ல் குடிவந்தாள். பத்மநாபபுரம் அரண்மனை 1601 வாக்கில் உருவானது என்று சொல்வார்கள். ஏறக்குறைய ஒரே காலத்தில் தக்கலையில் நம்ம ஆசாரிகள் உளி பிடித்திருக்க, அங்கே டெர்பிஷயரில் கல்தச்சர்கள் சுத்தியல் பிடித்திருக்கிறார்கள். வரைபடம் போட்டுக் கொடுத்தவர் ராபர்ட் ஸ்மித்சன் என்ற கல்தச்சர், லாங்லீட் என்ற மாளிகையில் வேலை பார்த்தவர், நாட்டிங்காம் பக்கத்தில் வுல்லட்டன் ஹாலும் அவர் கை வேலைதான்.

காரை விட்டு இறங்கியதும் நேராக உள்ளே போகாதீர்கள். பிள்ளைகள் "வாங்க, உள்ள போலாம்" என்று அவசரப்படுத்துவார்கள், பேரனை அவர்களிடம் கொடுத்துவிட்டு நீங்கள் வீட்டுக்கு முன்னால் தூரத்தில் ஒரு பெஞ்சில் அரைமணி நேரம் உட்காருங்கள். வீட்டைப் பற்றிய பாதி விஷயம் வெளியிலேயே இருக்கிறது. முதலில் வீட்டுக்கு நடுவில் கண்ணால் ஒரு கோடு போடுங்கள், இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றுபோல இருக்கிறதா என்று பாருங்கள். ஹார்ட்விக்கில் அச்சாக ஒரே மாதிரி இருக்கும். இன்னும் பழைய வீடுகள், உதாரணமாக அதே மாவட்டத்தில் இருக்கும் ஹாடன் ஹால், தேவைக்குத் தக்க நூற்றாண்டு நூற்றாண்டாக ஒட்டிக் கட்டிக்கொண்டே போனவை, அவற்றில் இந்த ஒழுங்கு இருக்காது. நம்ம தரவாட்டு வீட்டில், அதாவது பரம்பரைக் குடும்ப வீட்டில், ஒவ்வொரு தலைமுறையும் ஒரு அறை இழுத்துக் கட்டின மாதிரி.

அடுத்தது ஜன்னல். எல்லாவற்றையும் விட இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். ஹார்ட்விக்கைப் பற்றி அந்த ஊரில் ஒரு பழைய சொலவடை உண்டு, சுவரை விடக் கண்ணாடி அதிகம் என்று. அந்தக் காலத்தில் கண்ணாடி கொள்ளை விலை. பெரிய தகடாகச் செய்யத் தெரியாது, சின்னச் சின்னத் துண்டாகச் செய்து ஈயப் பட்டையால் கோத்து, கல் சட்டத்துக்குள் பொருத்துவார்கள். அப்படிப்பட்ட காலத்தில் ஒரு பெண் வீடு முழுக்கக் கண்ணாடி போட்டாள் என்றால் அது என்ன சொல்கிறது என்று நமக்குத் தெரியாதா, கல்யாணத்துக்கு எத்தனை பவுன் போட்டார்கள் என்று பார்க்கிற ஊர்தானே நம்ம ஊர். இப்போது தட்டு தட்டாக ஜன்னலின் உயரத்தைப் பாருங்கள். கீழ்த்தட்டில் குட்டை, நடுத்தட்டில் அதைவிட உயரம், மேல்தட்டில் எல்லாவற்றையும் விட உயரம். கீழே வேலைக்காரர்களும் அடுக்களையும், நடுவில் குடும்பம், மேலே விருந்தும் சபையும். உள்ளே ஒரு அடி வைக்காமலேயே யார் எங்கே இருந்தார்கள் என்று தெரிந்துவிட்டது. உப்பரிகை மாளிகை ஞாபகம் வருகிறதா? அங்கே உச்சியில் சுவாமி, இங்கே உச்சியில் ராணி வந்தால் உட்காருவதற்கான அறை. அந்தக் காலத்தில் ஆண்ட முதலாம் எலிசபெத் ராணி ஒருநாளும் அங்கே வரவில்லை என்பது வேறு விஷயம்.

பெரிய ஜன்னல் எந்தத் தட்டில் இருக்கிறதோ அந்தத் தட்டில்தான் வீட்டுக்காரர் பெரிய மனுஷர்களை உட்காரவைத்தார். இந்த ஒரு கணக்கை எந்த மாளிகைக்கும் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் சரியாக வரும். 1700-களில் கட்டிய வீடுகளில் நடுத்தட்டு ஜன்னல் பெரிதாக இருக்கும், வாசலில் இருந்து அகலமான படிக்கட்டு நேராக அந்தத் தட்டுக்கே ஏறும், உச்சியில் சதுரமாகச் சின்ன ஜன்னல் இருக்கும், அது பிள்ளைகளும் வேலைக்காரர்களும் படுக்கிற இடம்.

ஜன்னலை வைத்து வயதும் சொல்லலாம். கல்லால் குறுக்கும் நெடுக்கும் சட்டம் வைத்து, சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகள் இருந்தால் 1500-கள், 1600-களின் முதல் பாதி. மேலும் கீழும் நகர்த்தித் திறக்கிற மர ஜன்னல் 1600-களின் கடைசியில்தான் வருகிறது, அதிலும் மரச்சட்டம் தடியாக இருந்தால் பழசு, மெலிய மெலியப் புதுசு. ஒரே பெரிய தகடாகக் கண்ணாடி இருந்தால் 1800-களின் நடுப்பகுதிக்குப் பிறகு மாற்றியிருக்கிறார்கள். கண்ணாடி மேல் இருந்த வரியை 1845-ல் எடுத்த பிறகு அது மலிந்தது. செங்கல்லோ கல்லோ வைத்து அடைத்த ஜன்னலைப் பார்த்ததும் கூட வருகிறவர்கள் "ஜன்னல் வரிக்குப் பயந்து அடைச்சது" என்பார்கள். 1696 முதல் 1851 வரை அப்படி ஒரு வரி நிஜமாகவே இருந்தது, நிறையப் பேர் அடைக்கவும் செய்தார்கள். ஆனால் எல்லா அடைத்த ஜன்னலும் வரியால் அடைத்தது கிடையாது. வெளியே வரிசை கெடக்கூடாது என்பதற்காகத் தொடக்கத்திலேயே பொய் ஜன்னலாக வைத்ததும் உண்டு. ஹார்ட்விக்கிலேயே சில ஜன்னல்களுக்குப் பின்னால் அறை கிடையாது, புகைக்கூண்டுதான் ஓடுகிறது. வரி வருவதற்கு நூறு வருஷம் முந்தியது அது. வெளி அழகுக்காக உள்ளே விட்டுக்கொடுத்திருக்கிறார்கள் என்று புரிந்ததும் எனக்கு அந்த வீட்டின் மேல் ஒரு தனிப் பாசம் வந்துவிட்டது. எந்த ஜன்னல் பொய் என்று வெளியில் இருந்தே யோசித்துக் குறித்துவைத்துக்கொண்டு, உள்ளே போய்ச் சரிபாருங்கள்.

கூரைக்கு வருவோம். ஊரில் எங்கள் வீட்டுக்கு மரவேலை பார்க்கிற ஆசாரி ஒருவர் இருக்கிறார், எழுபது தாண்டியவர். ஹார்ட்விக் படத்தைப் போனில் அவரிடம் காட்டினேன். கண்ணாடியைப் பற்றியோ உயரத்தைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. படத்தை விரலால் பெரிதாக்கி மேலே கீழே தள்ளிப் பார்த்துவிட்டு, "சாரே, கூரையக் காணலியே. மழை வெள்ளம் எங்க போவும்?" என்றார். அந்த வீட்டைப் பற்றி யாரும் கேட்காத, சரியான கேள்வி. அங்கே பெரும்பாலான பெரிய வீடுகளில் கூரையைக் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் ஒளித்துவிடுகிறார்கள். நம்ம மாதிரி இறவாரம் நீட்டித் தண்ணீரைத் தள்ளி விழவைப்பதில்லை, கூரையில் ஈயத் தகடு விரித்து, அதிலேயே ஓடை பிடித்து, ஈயக் குழாய் வழியாகக் கீழே இறக்குகிறார்கள். அந்தக் குழாய் சுவரில் தொடங்குகிற இடத்தில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும், தண்ணீர் அதில் விழுந்து குழாய்க்குள் போகும். நிறைய மாளிகைகளில் அந்தப் பெட்டியின் முகத்தில் வருஷமும் வீட்டுக்காரரின் முதலெழுத்தும் வார்த்திருப்பார்கள். சுற்றுலாக்காரர்கள் யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. நீங்கள் பாருங்கள், பைனாகுலர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் போனில் பெரிதாக்கிப் படம் எடுங்கள். சில சமயம் அது வீடு கட்டின வருஷமாக இருக்காது, குழாயை மாற்றின வருஷமாக இருக்கும், அதுவும் ஒரு தகவல்தான். ஹார்ட்விக்கில் எழுத்தைத் தேட வேண்டிய வேலையே இல்லை, ஆறு கோபுரத்தின் தலையிலும் கல்லில் ஈ, எஸ் என்ற இரண்டு பெரிய எழுத்து வானத்தைப் பார்த்து நிற்கிறது. எலிசபெத் ஷ்ரூஸ்பரி. தூரத்தில் இருந்தே தெரியும்.

புகைபோக்கிகளை எண்ணிப் பாருங்கள். நம்ம பக்கத்துக்காரர்களுக்கு மூணாறு, வால்பாறை எஸ்டேட் பங்களாக்களில் புகைபோக்கி பார்த்த பழக்கம் இருக்கும், ஆனால் அது எவ்வளவு பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது என்று நான் யோசித்ததில்லை. அதற்கு முந்தைய வீடு எப்படி இருந்தது என்று பார்க்க கென்ட் பக்கம் பென்ஸ்ஹர்ஸ்ட் பிளேஸுக்குப் போக வேண்டும், 1341-ல் கட்டிய பெரிய கூடம் அங்கே இன்னும் இருக்கிறது. தரைக்கு நடுவில் எட்டு மூலை வைத்த அடுப்பு, புகை மேலே எழும்பிக் கூரை இடுக்கு வழியாகப் போகும், ஓட்டு இடுக்கு வழியாக அடுக்களைப் புகை போன நம்ம பழைய வீடு மாதிரியே. நடுக்கூடத்தில் நெருப்பு எரிந்து புகை மேலே போனால், அந்தக் கூடத்துக்கு மேலே இன்னொரு தட்டு போட முடியுமா? முடியாது. நெருப்பைச் சுவருக்குத் தள்ளிப் புகைக்குத் தனிக் குழாய் வைத்த பிறகுதான் மேலே மேலே தட்டு போட்டார்கள், அறைக்கு ஒரு அடுப்பு வைத்தார்கள், எல்லோரும் ஒரே கூடத்தில் சாப்பிட்டு ஒரே கூடத்தில் படுத்தது போய் ஆளுக்கு ஒரு அறை என்று ஆனது. புகைபோக்கி வந்ததால்தான் தனியறை வந்தது. இதைத் தெரிந்துகொண்டு வீட்டுக்கு முன்னால் நின்று புகைபோக்கியை எண்ணினால், உள்ளே எத்தனை அறையில் நெருப்பு எரிந்தது, எத்தனை பேர் விறகோ கரியோ சுமந்தார்கள் என்று கணக்கு ஓட ஆரம்பித்துவிடும்.

இப்போது உள்ளே போகலாம். வாசலைத் தாண்டியதும் வருவது கூடம், அதை ஹால் என்பார்கள், வீட்டுக்கே ஹால் என்று பெயர் வந்தது அதனால்தான். பழைய முறையில் கூடம் வீட்டு முகப்புக்கு இணையாகக் குறுக்கே கிடக்கும், ஒரு ஓரத்து வாசல் வழியாக உள்ளே வருவார்கள், வாசல் பக்கத்து ஓரம் வேலைக்காரர் பக்கம், எதிர் ஓரத்தில் ஒரு படி உயர்த்தின மேடை, அது எஜமான் உட்காரும் இடம். வாசல் பக்கத்தில் மரத் தட்டி அடித்திருக்கும், அதற்குப் பின்னால் இரண்டோ மூன்றோ கதவு இருந்தால் ஒன்று ரொட்டி வைக்கும் அறைக்கு, ஒன்று பீர் பீப்பாய் வைக்கும் அறைக்கு, ஒன்று அடுக்களைக்கு. பீப்பாய் அறைக்குப் பெயர் பட்டரி. வெண்ணெய்க்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, பீப்பாயைக் குறிக்கும் சொல்லில் இருந்து வந்தது. ஸ்மித்சன் ஹார்ட்விக்கில் இந்தக் கூடத்தையே திருப்பிப் போட்டுவிட்டார், வாசலில் நுழைந்தால் முன்னிருந்து பின்வரை வீட்டுக்கு நடுவில் நீளவாக்கில் ஓடுகிறது. முகப்பு இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருப்பதற்கு இதுதான் வழி. வெளியில் பெஞ்சில் உட்கார்ந்து நடுவில் ஒரு கோடு போட்டீர்களே, அந்தக் கோட்டின் மேல்தான் இப்போது நிற்கிறீர்கள்.

அடுத்தது படிக்கட்டு. பத்மநாபபுரத்துப் படி ஆளைத் தடுக்கிறது என்று சொன்னேன். ஹார்ட்விக்கின் கல் படிக்கட்டு ஆளை அழைத்துக்கொண்டு போகிறது. அகலமாக, ஏறுவது தெரியாத அளவுக்குத் தாழ்வான படிகளாக, வீட்டுக்குள் வளைந்து வளைந்து, கொஞ்சம் இருட்டு, கொஞ்சம் வெளிச்சம் என்று மாறி மாறி மேலே போகிறது. அடுக்களையில் இருந்து உணவை இந்த வழியாகத்தான் வரிசையாக, ஊர்வலம் மாதிரி எடுத்துக்கொண்டு போனார்கள். கோயிலில் நைவேத்தியம் போகிற மாதிரி என்று என் மனைவி சொன்னாள், எனக்கும் அதுதான் பட்டது. அவசரமாக ஏறாதீர்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, முன்னால் என்ன தெரிகிறது, என்ன மறைகிறது என்று பாருங்கள். உச்சியில் கதவைத் திறந்தால் பெரிய சபை அறை. சுவரின் கீழ்ப்பாதியில் பிரஸ்ஸல்ஸில் நெய்த திரைச்சீலைகள், அவற்றில் யுலிசிஸ் என்ற கிரேக்க வீரனின் கதை. மேல்பாதியில் சுதையில் ஒரு காடு, மரங்கள், மான்கள், வேட்டைக்காரர்கள், நடுவில் டயானா என்ற வேட்டைத் தெய்வம், எல்லாவற்றுக்கும் வண்ணம் பூசியிருந்து இப்போது மங்கிப்போயிருக்கிறது. நம்ம கோயில் விமானத்தில் சுதை பார்த்துப் பழகின கண்ணுக்கு அது அந்நியமாகவே தோன்றாது. நான் அங்கே சுவரோரம் இருந்த நாற்காலியில் பதினைந்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். உட்காரக்கூடிய நாற்காலி எது என்று கேட்டுவிட்டு உட்காருங்கள், பழைய நாற்காலிகளில் உட்காரக்கூடாது.

அந்த அறையை அடுத்து நீளக்கூடம், லாங் கேலரி, 160 அடிக்கு மேலே நீளம். இது எதற்கு என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். நடப்பதற்கு. மழையிலும் பனியிலும் வெளியே நடக்க முடியாத மாதங்களில் வீட்டுக்குள்ளேயே நடந்து, பேசி, சுவரில் இருக்கிற படங்களைக் காட்டி சொந்தக்காரர் யார் யார் என்று சொல்லிக்கொண்டு போவதற்கு. ஒரு முனையில் இருந்து மறுமுனைக்கு நீங்களும் நடந்து, காலடியை எண்ணுங்கள். நான் ஒவ்வொரு வீட்டிலும் இப்படிக் காலடியை எண்ணி, ஒரு சின்ன நோட்டில் அறை அறையாகக் கட்டம் போட்டு வரைந்துகொண்டே போவேன். அழகாக வரைய வேண்டாம், கதவு எங்கே, ஜன்னல் எங்கே, அடுப்பு எங்கே என்ற மூன்றும் இருந்தால் போதும். வரைந்து பார்க்கும்போதுதான் "இங்கே ஒரு அறை விட்டுப்போயிருக்கிறதே" என்று தெரியும். விட்டுப்போன அந்த இடத்தில் பெரும்பாலும் வேலைக்காரர் படி இருக்கும்.

வேலைக்காரர்கள் எந்த வழியாகப் போனார்கள் என்பதைக் கண்டுபிடிக்காமல் எந்த மாளிகையையும் விட்டு வராதீர்கள். 1600-களின் பிற்பகுதிக்கு மேல் கட்டிய வீடுகளில் சுவரோடு சுவராகத் தெரியாத மாதிரி கதவு வைத்து, பின்னால் குறுகின படி வைத்திருப்பார்கள், தண்ணீர் சுமந்து, கரி சுமந்து, மலச்சட்டி சுமந்து ஏறி இறங்கினவர்களை விருந்தாளிகள் கண்ணில் படாமல் வைக்க. விக்டோரியா ராணி காலத்து வீட்டில் அடுக்களைப் பக்கத்து நடையில் மணிகள் வரிசையாகத் தொங்கும், கீழே அறைப் பெயர் எழுதியிருக்கும். அறையில் உட்கார்ந்து கயிறை இழுத்தால் இங்கே மணி அடிக்கும். என் மகள் ராத்திரி டூட்டியில் நோயாளிகள் மணி அடிக்க அடிக்க ஓடுகிறவள், அந்தப் பலகைக்கு முன்னால் நின்று ஒவ்வொரு பெயராக வாசித்துக்கொண்டே இருந்தாள். என் பாட்டி பெரிய வீடு ஒன்றில் நெல் குத்தியவள், அந்த வீட்டுப் பூமுகத்தில் ஒருநாளும் கால் வைத்ததில்லை, புறவாசலோடு சரி. அதனால்தான் எனக்கு எந்த வீட்டுக்குப் போனாலும் புறவாசலைப் பார்க்காமல் வந்தால் மனசு ஆறாது.

ஹார்ட்விக்கிற்கு நேர்மாறான ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் அதே டெர்பிஷயரில் கெடில்ஸ்டன் ஹால். 1759-ல் தொடங்கியது, முதலில் இரண்டு பேர் வரைந்து, பிறகு ராபர்ட் ஆடம் என்ற கட்டிடக் கலைஞர் கைக்குப் போனது. இத்தாலியில் பலாடியோ என்ற கட்டிடக் கலைஞர் 1570-ல் வெளியிட்ட நூலைப் பார்த்து, ரோமானியத் தூண், முக்கோண முகப்பு என்று இங்கிலாந்தே பைத்தியமாகத் திரிந்த காலம். உள்ளே நுழைந்ததும் அலபாஸ்டர் கல்லில் இருபது தூண் நிற்கிற மண்டபம். நடுவில் விருந்துக்கான பெரிய கட்டிடம், இரண்டு பக்கமும் வளைந்த நடை, நடையின் முனையில் ஒரு பக்கம் குடும்பம் தங்கும் வீடு, மறுபக்கம் அடுக்களை. ஆக, அத்தனை பெரிய நடுக்கட்டிடம் வந்துபோகிறவர்களுக்குக் காட்டுவதற்கு, குடும்பம் இருந்தது பக்கத்துச் சின்ன வீட்டில். இந்தப் படத்தை எங்கோ பார்த்த மாதிரி இருந்தால் ஆச்சரியம் இல்லை, 1803-ல் முடிந்த கல்கத்தா ஆளுநர் மாளிகையை இதைப் பார்த்துத்தான் கட்டினார்கள். கெடில்ஸ்டனில் 1859-ல் பிறந்த கர்சன் பிரபு 1899-ல் வைஸ்ராயாக வந்து, தான் பிறந்த வீட்டின் சாயலில் இருந்த அதே மாளிகையில் குடியிருந்தார்.

தோட்டத்தையும் வீட்டின் பகுதியாகவே பாருங்கள். கெடில்ஸ்டனில் வீட்டுக்கு முன்னால் பச்சைப் புல்வெளி கண்ணுக்கெட்டிய தூரம் போகும், இயற்கை என்று தோன்றும். அந்த இடத்தில் ஒரு ஊர் இருந்தது, பார்வைக்கு இடைஞ்சல் என்று ஊரையே தள்ளி வைத்தார்கள், பழைய தேவாலயம் மட்டும் வீட்டை ஒட்டி நிற்கிறது. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்தப் புல்வெளி வேறு மாதிரி தெரியும். வேலி எங்கே என்று தேடுங்கள், ஆடு மாடு வீட்டுப் பக்கம் வராமல் எப்படித் தடுத்தார்கள் என்று. பல இடங்களில் ஹா-ஹா என்ற பள்ளம் வெட்டியிருப்பார்கள், ஒரு பக்கம் செங்குத்தான சுவர், மறுபக்கம் சரிவு, வீட்டில் இருந்து பார்த்தால் பள்ளமே தெரியாது. குழந்தைகளைக் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், நிஜமாகவே விழ வாய்ப்பு உண்டு.

சில நடைமுறை விஷயங்கள். ஹார்ட்விக், கெடில்ஸ்டன் மாதிரி நிறைய வீடுகளை 1895-ல் தொடங்கிய நேஷனல் டிரஸ்ட் என்ற தொண்டு அமைப்பு பார்த்துக்கொள்கிறது, பிள்ளைகளுக்கு வருஷ உறுப்பினர் அட்டை இருந்தால் திரும்பத் திரும்பப் போகலாம், ஒரே வீட்டுக்கு இரண்டு தடவை போவது இரண்டு வீட்டுக்கு ஒரு தடவை போவதை விட நல்லது. குளிர்காலத்தில் பல வீடுகளை மூடிவிடுவார்கள் அல்லது பாதி அறைதான் திறந்திருக்கும், பார்த்துவிட்டுப் போங்கள். அறைகள் அரை இருட்டாக இருக்கும், திரைச்சீலை வெளுத்துப்போகாமல் இருக்க ஜன்னல் மறைப்பை இறக்கி வைத்திருப்பார்கள். வெளிச்சத்துக்காகக் கட்டிய வீட்டில் வெளிச்சத்தை மறைத்து வைத்திருப்பதைப் பார்த்தால் கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் நானூறு வருஷத் துணி அது. ஒவ்வொரு அறையிலும் சம்பளம் இல்லாமல் தொண்டாக நிற்கும் வயதானவர்கள் இருப்பார்கள், நம்ம இங்கிலீஷைப் பற்றிக் கூச்சப்பட வேண்டாம், அவர்கள் யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் நிற்கிறார்கள். "இந்த அறை எப்போது மாறியது?" என்று கேளுங்கள். கட்டில் யாருடையது, படம் யாருடையது என்பதெல்லாம் பலகையில் எழுதியிருக்கும். எந்தச் சுவர் பிற்காலத்தில் வந்தது, எந்தக் கதவை அடைத்தார்கள் என்பது அவர்கள் வாயில் இருந்துதான் வரும்.

ஹார்ட்விக்கில் இந்தக் கேள்வியைக் கேட்டபோதுதான் எனக்கு ஒரு விஷயம் தெளிந்தது. 1608-ல் பெஸ் இறந்த பிறகு வீடு அவள் மகன் வழியில் டெவன்ஷயர் பிரபு குடும்பத்துக்குப் போனது. அவர்களுக்கு சேட்ஸ்வொர்த் என்ற இன்னொரு மாளிகை இருந்தது, அதில்தான் இருந்தார்கள், அதைத்தான் 1687-ல் தொடங்கி இடித்து இடித்துப் புதுசாக்கினார்கள். ஹார்ட்விக்கை யாரும் அதிகம் தொடவில்லை, அதனால் அப்படியே இருக்கிறது. 1795-ல் திருவிதாங்கூர் தலைநகரம் பத்மநாபபுரத்தில் இருந்து திருவனந்தபுரத்துக்குப் போனது, ராஜாக்கள் புது அரண்மனைகளை அங்கே கட்டிக்கொண்டார்கள், தக்கலையில் இருந்த மரமும் ஓடும் கருப்புத் தரையும் தப்பித்தன. எஜமான்கள் வேறு ஊருக்குப் போனதால் பிழைத்த வீடுகள் இரண்டும்.

கடைசியாக, ஹார்ட்விக் போனால் பழைய ஹாலை விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். புது வீட்டுக்குப் பக்கத்திலேயே, கூப்பிடு தூரத்தில், பெஸ் அதற்கு முன்னால் கட்டிக்கொண்டிருந்த வீடு கூரை இல்லாமல் நிற்கிறது. அதை முதலில் பார்க்காதீர்கள், புது வீட்டைப் பார்த்து முடித்துவிட்டு வாருங்கள். தரையெல்லாம் போய்விட்டது, நாலு தட்டும் கீழே இருந்து வானம் வரை திறந்து கிடக்கிறது, வெறும் சுவரில் உயரே உயரே அடுப்புகள் மட்டும் தொங்குகின்றன, அவற்றுக்கு மேலே மழையில் நனைந்த சுதைச் சிற்பம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எந்தத் தட்டு எங்கே இருந்தது, உத்திரம் எந்த ஓட்டையில் இறங்கியது, புகை எந்த வழியாக ஏறியது எல்லாம் வெட்டிப் பிளந்து வைத்த மாதிரி தெரியும். ஆசாரிக்கு நான் எடுத்துக்கொண்டு போன படங்களில் அவர் ரொம்ப நேரம் பார்த்தது இதைத்தான். உத்திர ஓட்டை ஒவ்வொன்றையும் விரல் வைத்து எண்ணிவிட்டு, மரம் எது என்று கேட்டார். ஓக் என்றேன். நம்ம அயனிப்பலா மரம் மாதிரி இருக்குமா என்றார். அடுத்த தடவை போகும்போது ஒரு துண்டு கொண்டுவந்து தருவதாகச் சொல்லியிருக்கிறேன், மாளிகையில் இருந்து இல்லை, மகள் வீட்டுப் பக்கத்து மரக்கடையில் இருந்து.